நிற்கிற ஆள்

கொழுந்தன் தன் அண்ணன் போட்டிருந்த கோட்டைக் கொண்டுவந்து வாசல் கம்பிக் கதவில் மாட்டினான். மாட்டிவிட்டுப் பின்னால் தள்ளி நின்று பார்த்தான். கோணலாகத் தொங்கிய தோள்பட்டையை இழுத்து நேராக்கினான். ஆரஞ்சு நிறத்தில் கையில்லாத கோட்டு. மார்புக்குக் குறுக்கே இரண்டு வெள்ளிப் பட்டை, தோளிலிருந்து இடுப்பு வரை இரண்டு. இடது பக்கத்தை ஆஸ்பத்திரிக்காரர்கள் கத்தரித்திருந்தார்கள். ரத்தக்கறை அதிகம் இல்லை. அடி உள்ளே பட்டிருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள்.

"எதுக்குப்பா இதைப் போய் வாசல்ல?" என்றாள் அடுத்த வீட்டுக்காரி.

"வர்றவங்க எல்லாரும் பார்க்கட்டும்க்கா. இவ்வளவு பளிச்சுன்னு ஒரு மனுஷன் எதிர்ல வர்றாரு. பார்க்கவே இல்லைங்கிறான் அந்த வேன்காரன். கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு அவனுக்கு?"

அடுத்த வீட்டுக்காரி உள்ளே போய்விட்டாள். அண்ணனைப் பறிகொடுத்தவனிடம் யார் வாயைக் கொடுப்பது?

அவன் அண்ணி கூடத்தில், கணவரின் உடலுக்குத் தலைமாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்து பார்த்தால் வாசல் நேராகத் தெரியும். நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டால் தெரியாது. ஆனால் எழுந்திருக்கத் தெம்பில்லை. அழுது ஓய்ந்த கண் எதன்மேல் விழுந்தாலும் அதிலேயே நின்றது. கோட்டின் இடது தோளில் பட்டை அரை விரல் இறங்கியிருந்தது. அது முதலிலிருந்தே அப்படித்தான். ஆனால் தையல் ஓரிடத்திலும் பிரியவில்லை. இத்தனைக்கும் தன் தையல் நின்றிருக்கிறதே என்று ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது. அப்படி நினைத்ததற்காக உடனே தன் மேலேயே அருவருப்பு வந்தது.

வேலைக்காரர்களுக்கான உடுப்பு தைக்கும் கம்பெனியில் அவள் தையல்காரி. அவளுடைய மிஷின் வரிசையில் ஆரஞ்சும் மஞ்சளுமாக நாள் முழுக்க இந்தக் கோட்டுகள்தான் ஓடும். பட்டை இறங்கிவிட்டது, கழுத்து சுருங்கிவிட்டது என்று கழித்துப் போட்டதில் இரண்டைச் சூப்பர்வைசரம்மாவிடம் கேட்டு வாங்கி, பிரித்து, அளவு பார்த்துத் திரும்பத் தைத்துக் கொண்டுவந்தாள். ஒன்று அவருக்கு, ஒன்று கொழுந்தனுக்கு. இரண்டு பேருக்கும் பிழைப்பு பைக்கின் மேல்தான். அவர் கேஸ் அடுப்பு ரிப்பேர் செய்பவர். டூல்ஸ் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றுவார். கொழுந்தன் வீடு வீடாகப் பார்சல் கொடுப்பவன். இரண்டு வண்டிச் சத்தமும் தெருவில் கேட்கிறவரை அவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பாள்.

அந்தக் கோட்டை அவர் போட்டுக்கொள்ளச் சம்மதிப்பதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

"இதைப் போட்டுக்கிட்டுப் போய்க் கதவைத் தட்டினா எவன் அடுப்பைக் காட்டுவான்? பள்ளம் தோண்ட வந்திருக்கான்னு நினைச்சுத் தண்ணிக் குழாயைக் காட்டுவான்" என்றார்.

"காட்டட்டும். அதையும் ரிப்பேர் பண்ணிட்டு வாங்க."

"மஞ்சள்ல இல்லையா?"

"இருக்கு. மஞ்சள்ல கரி அப்படியே தெரியும். யார் துவைக்கிறது, நீங்களா?"

கொஞ்ச நாள் முனகிக்கொண்டே போட்டுக்கொண்டார். அதற்குள் கடைத்தெருவில் யாரோ 'ஆரஞ்சு மிட்டாய்' என்று பேர் வைத்துவிட்டார்கள். கோபித்துக்கொள்வார் என்று அவள் பயந்தால், மனிதருக்கு அது பிடித்துப்போய்விட்டது. போனில் யார் என்று கேட்டால் அவரே "ஆரஞ்சு மிட்டாய் பேசறேன்" என்று சொல்ல ஆரம்பித்தார். பிறகு கோட்டு இல்லாமல் வாசற்படி இறங்கியதில்லை. பட்டப்பகலிலும் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டுதான் போவார். எதிரே வருகிறவர்கள் லைட் எரிகிறது என்று விரலை மடக்கி நீட்டிக் காட்டுவார்கள். அவரும் பதிலுக்கு அதேபோல் விரலை மடக்கி நீட்டிக் காட்டிவிட்டு, அணைக்காமல் போய்க்கொண்டிருப்பார்.

நேற்றுக் காலை ஒரு கேன்டீனில் அடுப்பு எரியவில்லை என்று கிளம்பினார். பெரிய ரோட்டில் எதிரே வந்த சலவைக்கடை வேன், பக்கத்துச் சந்துக்குள் நுழைவதற்காக அவருக்குக் குறுக்கே வளைந்தது. நல்ல வெளிச்சம். மழையும் இல்லை, பனியும் இல்லை. வேன்காரன் குடித்திருக்கவும் இல்லை. நேற்றிலிருந்து அவள் பிடித்துக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்றைத்தான். நான் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன், ஊருக்கே தெரிகிற மாதிரிதான் அவரை அனுப்பினேன், பார்க்காதது அவன். அந்த நினைப்பும் இல்லாவிட்டால் நாற்காலியில் உட்கார்ந்திருக்கக்கூட முடிந்திருக்காது.

அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் எவ்வளவோ துடைத்திருந்தும் நகக்கண்ணில் அடுப்புக் கரி இருந்தது. புடவைத் தலைப்பை நனைத்து ஒவ்வொரு விரலாகத் துடைக்க ஆரம்பித்தாள். போகவில்லை. போகாது என்று அவளுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மணி நேரம் சோப்புப் போட்டுத் தேய்த்தாலே போகாத கரி அது. இருந்தாலும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

வெயில் ஏறியபிறகு வாசலில் சிலர் வந்து நின்றார்கள். பெரிய ரோட்டில் பள்ளம் தோண்டிக் குழாய் பதிக்கிற ஆட்கள். அடிபட்டவரை முதலில் தூக்கியது அவர்கள்தான் என்று கொழுந்தன் சொல்லியிருந்தான். வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தார்கள். காலெல்லாம் மண்ணாக இருந்ததால் உள்ளே வரத் தயங்கி, தலைத்தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கம்பிக் கதவை ஒட்டி நின்றார்கள்.

அவள் மகளைக் கூப்பிட்டாள். "அஞ்சு பேர் வந்திருக்காங்க பாரும்மா. தண்ணி கொடு."

பெண் தட்டில் டம்ளர்களை வைத்துக்கொண்டு போனாள். திரும்பி வரும்போது ஒரு டம்ளர் மட்டும் அப்படியே நிறைந்திருந்தது.

"ஒருத்தர் வேணாம்னுட்டாரா?"

"நாலு பேர்தாம்மா இருக்காங்க."

"அஞ்சு பேர் நிக்கிறாங்களே."

பெண் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். "அது அப்பா கோட்டும்மா" என்றாள்.

அவள் எழுந்தாள். காலையிலிருந்து எழுந்திருக்காதவள் எழுந்ததும் யாரோ தாங்கிப்பிடிக்க ஓடிவந்தார்கள். கையை விலக்கிவிட்டு வாசலுக்குப் போனாள். நாலு பேர் நின்றார்கள். நாலு ஆரஞ்சுக் கோட்டு. ஐந்தாவது, கதவில். துணி ஒரே துணி. பட்டை ஒரே அகலம். தோளில் இரட்டைத் தையல், கழுத்துக்குப் பின்னால் ஆணியில் மாட்ட ஒரு சின்ன வளையம். அந்த வளையம் வைப்பது அவள் வரிசை மட்டும்தான். ரோடு கம்பெனிக்கு அனுப்புகிறோம் என்று ஒவ்வொரு கட்டிலும் எழுதி ஒட்டியிருப்பதை அவள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். எந்த ரோட்டுக்கு என்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை.

அவர்களில் வயதானவர் மேஸ்திரி. கையெடுத்துக் கும்பிட்டார். "எங்க கண்ணு முன்னாடிதான்ம்மா. தூக்கும்போது மூச்சு இருந்துச்சு. பேசலை" என்றார்.

கொழுந்தன் குறுக்கே வந்தான். "அண்ணன் கோட்டு போட்டிருந்தாருன்னு ஸ்டேஷன்ல சொல்லுவீங்கல்ல?"

"போட்டிருந்தாரு தம்பி. அதுலதான் நாங்களே குழம்பிட்டோம்."

"இதுல என்ன குழப்பம்?"

மேஸ்திரி சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தார். "வேன்காரர் இறங்கி எங்ககிட்டதான் ஓடி வந்தாரு. உங்க ஆளை இடிச்சுட்டேன், வாங்க வாங்கன்னு. எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. நம்ம பசங்கள்ல யாருன்னு எண்ணிப் பார்த்தேன். எல்லாரும் இருந்தாங்க." தொப்பியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். "அப்பாடான்னு இருந்துச்சும்மா ஒரு நிமிஷம். தப்பா எடுத்துக்காதீங்க."

"எடுத்துக்கலை" என்றாள். "வேற என்ன சொன்னார் அவர்?"

"நாங்க ரோட்டோரமா வரிசையா நிக்கிறோம்ல. அதுல ஒருத்தர் நிக்கிறாருன்னு நினைச்சாராம். வண்டி வருதுன்னே தெரியலைன்னு திரும்பத் திரும்பச் சொன்னாரு."

"ஹெட்லைட் போட்டிருந்திருப்பாரே."

"எங்க தடுப்புக்கு மேலேயும் வரிசையா லைட்டு வச்சிருக்கோமேம்மா."

கொழுந்தனுக்கு ஆத்திரம் பொங்கியது. "சுத்தக் கதை. நிக்கிற ஆளுக்கும் வர்ற ஆளுக்கும் வித்தியாசம் தெரியாதவன் எதுக்கு ஸ்டீயரிங்கைத் தொடறான்?"

நிற்கிற ஆளுக்கும் வெறும் கோட்டுக்குமே அவளுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அதுவும் அவள் கையால் தைத்த கோட்டு. திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். இதுவரை பிடித்துக்கொண்டிருந்தது கையை விட்டுப் போய்விட்டது.

மதியத்துக்கு மேல் அவரை எடுத்துக்கொண்டு போனார்கள். தூக்கும்போது பெண் "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே கூடப் போனாள். அவள் அம்மா அழவில்லை. வந்திருந்தவர்கள் அழச் சொன்னார்கள்; அழுதுவிட்டால் பாரம் குறையும் என்றார்கள். அவள் தெருமுனை திரும்புகிறவரை நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்தாள்.

எல்லாம் முடிந்து ஆண்கள் திரும்பியபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. கொழுந்தன் முகம் கழுவிக்கொண்டு வந்தான். கதவிலிருந்து கோட்டை எடுத்து மடித்து ஒரு பிளாஸ்டிக் பைக்குள் வைத்தான்.

"ஸ்டேஷன்ல கேட்டாங்க அண்ணி. கொண்டுபோய்க் கொடுத்துட்டு வந்துடறேன். நாளைக்கு உங்களையும் வரச் சொல்லியிருக்காங்க. அண்ணன் எப்பவும் கோட்டு போட்டுக்கிட்டு, லைட்டைப் போட்டுக்கிட்டுத்தான் போவாருன்னு சொல்லுங்க. அது போதும். அவனை உள்ள தள்ளிடலாம்."

சொல்லிக்கொண்டே ஆணியிலிருந்து தன் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டான். ஸ்டேஷனுக்குப் பெரிய ரோட்டு வழியாகத்தான் போக வேண்டும்.

"அவன் பார்த்திருக்கான்" என்றாள்.

"யாரு?"

"வேன்காரன். உன் அண்ணனைப் பார்த்திருக்கான். நிக்கிற ஆளுன்னு பார்த்திருக்கான்."

"அண்ணி, நீங்க யார் பக்கம் பேசறீங்க?"

"நானும் அப்படித்தானே பார்த்தேன். அஞ்சு பேருக்குத் தண்ணி கொடுன்னேன். உன் அண்ணன் மகளைக் கேட்டுப் பாரு." அவள் குரல் உயரவில்லை. "அவங்க போட்டிருந்ததும் நான் தைச்சது, இவரு போட்டிருந்ததும் நான் தைச்சது. இவரு மஞ்சள் கேட்டாரு. நான்தான் ஆரஞ்சைக் கொடுத்தேன். நாலு பேரோட அஞ்சாவதா அவரைக் கொண்டுபோய் நிறுத்தினது நான்தான் தம்பி."

அவன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். கோபப்பட வேண்டுமா அழ வேண்டுமா என்று அவனுக்கே தெரியவில்லை. "அப்படியெல்லாம் பேசக்கூடாது அண்ணி. அந்த ரோட்டுல வேலை நடக்கப்போகுதுன்னு உங்களுக்குக் கனவா வந்துச்சு? தயவுசெஞ்சு இதை மட்டும் ஸ்டேஷன்ல சொல்லிடாதீங்க. அவன் கையை வீசிக்கிட்டு வெளியே வந்துடுவான்."

"எதிர்ல வண்டி வருதான்னு நின்னு பார்க்காம வளைச்சான்ல, அதுக்கு அவன் பதில் சொல்லட்டும். அது இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா நான் பார்த்ததையும் சொல்லுவேன்."

"சொல்லி?"

"நீ இதைப் போட்டுக்கிட்டு அதே ரோட்டுல போறியே. அதுக்குத்தான்."

அவன் கோட்டைக் கழற்றி நாற்காலியில் எறிந்தான். "சரி, போடலை. இது இல்லாம போனா மட்டும் தெரிஞ்சுடுவேனா? கறுப்புச் சட்டை, கறுப்பு வண்டி. எதைப் போட்டுக்கிட்டுத்தான் போகணும்? நீங்களே சொல்லுங்க."

அவளுக்குத் தெரியவில்லை. ஆள் தெரிய வேண்டும் என்பதற்காகவே தைக்கிற உடுப்பை இத்தனை வருஷம் தைத்தவளுக்கு, ஒரு ஆள் எதனால் தெரிகிறான் என்று தெரியவில்லை. அவன் கோட்டைத் திரும்ப எடுத்து மாட்டிக்கொண்டு, ஹெல்மெட்டோடு இறங்கினான்.

வண்டியை ஸ்டார்ட் செய்த பிறகுதான் அவள் வாசலுக்கு வந்தாள். "நில்லு."

"என்ன அண்ணி?"

"தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பி வா. நான் இங்க நிக்கிறேன்."

"எதுக்கு?"

"போயிட்டு வாயேன்."

வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பான். இன்று அவள் என்ன சொன்னாலும் செய்கிற நிலையில் இருந்தான். போனான். அவள் நடுத்தெருவில் போய் நின்றுகொண்டாள். நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

அவன் முனையில் திரும்பி வந்தான். ஹெட்லைட் எரிந்தது. ஆரஞ்சு தெரிந்தது. தெரிந்ததே தவிர, வருகிற மாதிரி இல்லை. தூரத்தில் ஒரு புள்ளி அந்த இடத்திலேயே இருந்தது. சத்தம் மட்டும் பெரிதாகிக்கொண்டு வந்தது. திடீரென்று முழு வண்டியும் கண் முன்னால் இருந்தது. அவள் பின்வாங்க, அவன் பிரேக் பிடித்தான்.

"பார்த்துட்டீங்களா?"

"கோட்டைக் கழற்றிட்டு வா."

அப்படியும் வந்தான். அப்படியும் அதேதான். கொஞ்சம் மங்கலாக அதே புள்ளி, அதே திடீர். அடுத்த வீட்டுக்காரி ஓடிவந்து அவள் தோளைப் பிடித்தாள்.

"உள்ள வாம்மா. எல்லாரும் பார்க்கிறாங்க. வந்து கொஞ்சம் படு."

"பார்க்கட்டும்க்கா. கோட்டைப் போட்டுக்கிட்டு இன்னொரு தடவை போயிட்டு வா தம்பி. ரொம்ப மெதுவா."

மெதுவாக வந்தான். அவள் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். அப்போது மூன்றாவது வீட்டு மாடியில் ஏதோ ஆடியது; அவளை அறியாமல் கண் அங்கே போனது. கொடியில் காய்ந்த ஒரு தலையணை உறை. வெளுத்துப்போன, நிறமே இல்லாத உறை. காற்று நின்றதும் அதுவும் நின்றது. உடனே அது அங்கே இல்லாத மாதிரி ஆகிவிட்டது. அவள் மறுபடி காற்று வரும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் பக்கத்தில் வந்து நின்றதைக்கூடக் கவனிக்கவில்லை.

"அண்ணி?"

"நேரா வராதே. கொஞ்சம் இப்படியும் அப்படியுமா வளைச்சு வா."

"குடிகாரன் மாதிரியா?"

"ஆமா. அப்படியே வா."

அவன் தெருவில் நின்றவர்களைப் பார்த்தான். அண்ணனை அனுப்பிவிட்டு வந்த கையோடு வண்டியை ஆட்டி ஆட்டி ஓட்டினால் நாளைக்கு என்ன பேசுவார்கள் என்று அவனுக்குத் தெரியும். வண்டியைத் திருப்பினான்.

தெருமுனையில் புள்ளி தோன்றியது. நின்றது. பிறகு இடது பக்கம் சாய்ந்தது. வலது பக்கம் சாய்ந்தது. லைட் ஒரு வீட்டுச் சுவரைத் தொட்டு எதிர்வீட்டுச் சுவருக்குப் போனது. மறுபடி இடது பக்கம். ஆரஞ்சு இங்கிருந்து அங்கே போனது, அங்கிருந்து இங்கே வந்தது. ஹெல்மெட்டுக்குள் முகம் தெரியவில்லை. உருவத்தில் அண்ணனுக்கும் தம்பிக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. வண்டியில் உட்காருகிற விதம்கூட ஒன்றுதான். அது யார் என்று அங்கிருந்து யாராலும் சொல்ல முடியாது. ஆனால் வருகிற ஆள். நிற்கிற ஆள் இல்லை. வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிற ஆள்.

அவன் அவள் முன்னால் வந்து காலை ஊன்றினான்.

"போதுமா அண்ணி?"

அவள் முகம் முழுக்க நனைந்திருந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"இன்னொரு தடவை வா" என்றாள்.